450 ரூபாய் கேப்சர் குச்சி, 64 கேசட், ஆறு வருடம்

ஏற்காட்டில் பெரியப்பா வீட்டுப் பரணில் இரண்டு தகரப் பெட்டி நிறைய வீடியோ கேசட் இருந்தது. 2019 டிசம்பரில் இறக்கி எண்ணிப் பார்த்தேன், 64. கல்யாண கேசட் நாலைந்து போக மீதி எல்லாம் டிவியிலிருந்து பதிவு செய்தவை. பெரியப்பாவுக்கு அது ஒரு கிறுக்கு. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், பொங்கல் தீபாவளிப் பட்டிமன்றம், உள்ளூர் கேபிளில் காட்டிய கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, கிரிக்கெட்டில் கடைசிப் பத்து ஓவர் என்று ஒன்றையும் விட்டதில்லை. ஒவ்வொரு கேசட் முதுகிலும் பச்சை மையில் பெயர் எழுதி வைத்திருப்பார். பாதி தப்பு. பதிந்ததன் மேலேயே திரும்பப் பதிந்தால் வேறு என்ன ஆகும்?

இவற்றை டிவிடியாக்க எவ்வளவு ஆகும் என்று சேலத்தில் ஒரு ஸ்டுடியோவில் விசாரித்தேன். கேசட்டுக்கு 300 ரூபாய், டிவிடி காசு தனி என்றார்கள். 64 கேசட்டுக்கு 19,200. பட்டிமன்றம் கேட்க அவ்வளவு செலவா என்று வீட்டில் ஒரே பேச்சு. அப்படித்தான், வீடியோ டெக்கில் ஓடும் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஃபைலாகப் பதிய உதவும் அந்தக் கேப்சர் குச்சியை ஆன்லைனில் 450 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஈசிகேப் என்று பொதுவாகச் சொல்வார்கள். யார் யாரோ செய்து அதே பெயரில் விற்கிறார்கள். ஒரு முனையில் யுஎஸ்பி, மறு முனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஓட்டைகள். வெளியே ஒரே மாதிரி கறுப்புக் கூடு, உள்ளே நாலு விதமான சிப். எது வரும் என்பது அவரவர் ராசி. எனக்கு வந்தது எஸ்.டி.கே.1160. கூடவே உள்ளங்கை அளவு குட்டி சிடி ஒன்றில் டிரைவர் (குச்சியைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள்) வைத்திருந்தார்கள். என் லேப்டாப்பில் சிடி போடும் இடமே கிடையாது. நண்பன் கம்ப்யூட்டரில் போட்டு பென்டிரைவில் எடுத்து வந்தும் ஏறவில்லை. இரண்டு இரவு போனது. கடைசியில் பழைய டெஸ்க்டாப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுச் செருகினேன். டிரைவர், சிடி எதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டது. இந்த சிப்புக்கான டிரைவர் லினக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சிப் பெயர் தெரிந்து வாங்க முடிந்தால் இந்த அலைச்சல் மிச்சம்.

முதல் கேசட் கறுப்பு வெள்ளையில் வந்தது. பழைய நிகழ்ச்சி, அப்படித்தான் இருக்கும் போல என்று நானும் அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் தொகுப்பாளரின் பட்டுப்புடவை ஞாபகம் வந்தது. குச்சி அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யில் நின்றிருக்கிறது. நம் ஊர் டிவி, டெக் எல்லாம் பால் முறை (பசும்பால் இல்லை). 625 வரி, நொடிக்கு 25 படம். அமைப்பில் பால்-பி, 720க்கு 576 என்று மாற்றியதும் புடவை அரக்குச் சிவப்பில் வந்து நின்றது. படத்தின் அடியில் நாலைந்து வரி பிய்ந்து ஓடுவது போல் தெரிந்தால் பயப்பட வேண்டாம். எல்லா விஎச்எஸ் டேப்பிலும் அது உண்டு, பழைய டிவி அதைத் தன் சட்டத்துக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தது.

குச்சி பற்றிச் சொல்ல இவ்வளவுதான். ஆறு வருடத்தில் ஒருமுறை யுஎஸ்பி முனை ஆடியது, ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டேன், சரியாகிவிட்டது. எல்லாரும் குச்சி நல்லதா என்றுதான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது டெக்கைப் பற்றி.

பெரியப்பாவின் டெக்கில் பெல்ட் உருகிக் கம்பளிப்பூச்சி மாதிரி ஒட்டிக்கிடந்தது. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "தம்பி, காயலான் கடையிலகூட இதை எடுக்க மாட்டாங்களே" என்றார். சொல்லிவிட்டு உடனே ஸ்குரூடிரைவரை எடுத்தார், அந்தக் கையே சந்தோஷப்பட்ட மாதிரி இருந்தது. பெல்ட் மாற்றி, ரோலர் துடைத்து 600 ரூபாய். உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இனி புதிது கிடையாது, இருப்பதைத்தான் ஓட்ட வேண்டும். "கெட்டுப்போன டெக் ஒண்ணு யாராச்சும் குடுத்தா வாங்கி வச்சுக்குங்க, ஸ்பேருக்கு ஆகும்" என்றார். வாங்கி வைத்தேன். அது ஸ்பேருக்கு ஆகவில்லை, அதைவிடப் பெரிய வேலைக்கு ஆனது.

வேலை என்னவென்றால் பூஞ்சை. சேலத்து வெயிலில் கேசட் வைத்திருந்தவர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். வருடத்தில் பாதி நாள் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்காரும் வீடு அது. கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் டேப் சுருளின் ஓரத்தில் உப்பு தூவியதுபோல் வெள்ளை. நான் அதைத் தூசி என்று நினைத்து ஆறாவது கேசட்டை அப்படியே டெக்கில் தள்ளினேன். இரண்டு நிமிடம் படம், அப்புறம் முழுக்கப் பனிமழை. அடுத்து போட்ட நல்ல கேசட்டும் பனிமழை. பூஞ்சை, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அப்பிக்கொண்டு, நல்ல கேசட்டுக்கும் தொற்ற ஆரம்பித்துவிட்டது.

ஹெட் துடைப்பதை அந்த மெக்கானிக் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்டினார். காது குடையும் பஞ்சுக் குச்சி கூடவே கூடாது, நார் மாட்டினால் ஹெட் பிய்ந்துவிடும். பஞ்சு உதிராத மெல்லிய தோல் துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு, துணியை அசையாமல் ஹெட் பதிந்திருக்கும் உருளை மேல் லேசாக வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் உருளையின் மேல்பக்கத்தைப் பிடித்து மெதுவாகச் சுற்ற வேண்டும். அசைவது உருளை மட்டும்தான். துணியை மேலும் கீழும் தேய்த்தால் கதை முடிந்தது. அப்படிச் சுற்றும்போது துணியில் பழுப்பாக ஒரு கோடு விழும். அது விழாமல் போகும்வரை துணியை மாற்றி மாற்றிச் செய்தேன்.

பூஞ்சை கேசட்டுகளை அப்புறம் தனியாகப் பிரித்தேன், 23 தேறியது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் மூன்று வாரம் போட்டுவைத்தேன். காய்ந்தபின் வாயில் மாஸ்க் கட்டிக்கொண்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து வேலை. அந்தக் கெட்டுப்போன டெக்கின் ஹெட் போயிருந்ததே தவிர சுருட்டுவது நன்றாகச் சுருட்டியது. மூடியைக் கழற்றி, டேப் ஓடும் வழியில் மெல்லிய துணியைப் பிடித்து, முன்னும் பின்னும் இரண்டு தடவை ஓட்டினால் வெள்ளை எல்லாம் துணிக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் நல்ல டெக்குக்குப் போகும். 23இல் 20 பிழைத்தது. மலையிலிருந்து இறக்கிய கேசட்டை அன்றைக்கே போடவும் கூடாது. குளிரில் இருந்தது, 20 கொண்டை ஊசி வளைவு இறங்கியதும் வெக்கைக்கு வந்தால் வேர்க்கும். ஒரு நாள் ஆற விடுவேன்.

அடுத்த தலைவலி, படம் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம். பட்டிமன்றத்தில் நடுவர் வாயை மூடிய பிறகு கைத்தட்டல் வரவேண்டும், என் பதிவில் அவர் வாயை மூடிய பிறகுதான் பேசவே ஆரம்பித்தார். காரணம் பெரியப்பாதான். விளம்பரம் வந்தால் பாஸ், நிகழ்ச்சி வந்தால் மறுபடி பதிவு. அந்த ஒட்டு வரும் இடங்களில் டேப்பில் சிக்னல் ஒரு கணம் அறுந்துபோகும். குச்சி அங்கே சில படங்களை விட்டுவிடும், சத்தமோ நிற்காமல் ஓடும். ஒவ்வொரு ஒட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக விலகி, ஒரு மணி நேரத்தில் இரண்டு நொடி ஆகிவிடும். இதைச் சீராக்கத் தனிக் கருவி இருக்கிறது, விலை நம் கதைக்கு ஒத்துவராது. நான் செய்தது, பெரிய ஒட்டு வரும் இடத்தில் நிறுத்தி அடுத்த ஃபைலாகப் பதிவது. ஒரு மணி நேரத்துக்கு 90,000 படம் வரவேண்டும். முடிந்ததும் எண்ணிக்கையைப் பார்ப்பேன், பத்து இருபது குறைந்தால் விட்டுவிடுவேன், நூறு குறைந்தால் திரும்ப ஓட்டுவேன். பதிவதற்கு எளிதான மென்பொருள் வேண்டுமென்றால் ஓபிஎஸ் போதும். பாடுபடத் தயார் என்றால் எஃப்எஃப்எம்பெக்.

விளம்பரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பாஸ் போட மறந்த கேசட்டுகளில் விளம்பரங்கள் அப்படியே இருந்தன. நான் புத்திசாலித்தனமாக முதல் பத்து கேசட்டில் அவற்றை வெட்டி, மூல ஃபைலையும் அழித்துவிட்டேன். டிவிடியைக் கொண்டுபோய்ப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தவர், "இந்த இடத்துல ஒரு சோப்பு விளம்பரம் வருமேடா, எங்க? அப்பதான உங்க பெரியம்மா காபி கொண்டாருவா" என்றார். மறுபடி ஓட்டலாம் என்று போனால் அந்தப் பத்தில் இரண்டு கேசட் கசங்கிவிட்டது. தயவுசெய்து எதையும் வெட்டாதீர்கள். பாட்டும் பட்டிமன்றமும் வேறெங்காவது கிடைக்கும், நடுவில் வந்த செய்திச் சுருக்கமும் சோப்பும் கிடைக்காது.

இனி டிவிடி. இதில்தான் என் அபிப்பிராயம் ஆறு வருடத்தில் தலைகீழாக மாறியது. ஆரம்பத்தில் டிவிடிதான் குறிக்கோள், கம்ப்யூட்டர் வெறும் வழி. டிவிடிஸ்டைலர் என்ற இலவச மென்பொருளில் மெனு எல்லாம் வைத்து, அம்மன் படம் போட்டு, அழகாகத்தான் செய்தேன். 4.7 ஜிபி தட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் விஎச்எஸ் தரத்துக்குக் குறை தெரியாது. மூன்று மணி நேரத்தைத் திணித்தால் கட்டம் கட்டமாக உடையும். டிவிடிக்குப் போகும் படத்தில் இடைவரிகளை (ஒவ்வொரு படமும் ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக வருவது) நீக்க வேண்டியதில்லை, டிவியே பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் பார்க்கும் பிரதிக்கு மட்டும் நீக்கினால் போதும், இல்லையென்றால் கை அசைத்தால் சீப்புப் பல் மாதிரி தெரியும்.

ஆனால் தட்டு நிலைக்கவில்லை. 15 ரூபாய் காலி டிவிடியில் முதல் வருடம் எழுதியவற்றில் சில இப்போது பாதியில் நிற்கின்றன. வேகத்தைக் குறைத்து நாலு மடங்கில் (4x) எழுதியவை பரவாயில்லை. இப்போது டிவிடி எழுதுவது ஏற்காட்டு வீட்டு பிளேயருக்காக மட்டும். அதன் யுஎஸ்பி ஓட்டை எம்பி4 ஃபைலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், எக்ஸ்விட் ஏவிஐயாக மாற்றிக்கொடுத்தால் ஓடும். அது தெரிந்த பிறகு டிவிடி எழுதுவதும் குறைந்துவிட்டது. சுருக்கிய ஃபைல் மணிக்கு ஒன்றேகால் ஜிபி. எல்லாம் சேர்த்து இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று சேலத்தில், ஒன்று மலையில். மூலப் பதிவு மணிக்கு 25 ஜிபிக்கு மேல் போகும் என்பதால் முக்கியமானவற்றுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மலையில் இருக்கும் டிஸ்க்கோடும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம்.

கேசட் முடிந்த பிறகும் குச்சிக்கு ஓய்வு இல்லை. அம்மாவுக்கு இப்போது வரும் பட்டிமன்றங்கள் வேண்டும். செட்டாப் பாக்ஸிலேயே பென்டிரைவில் பதியலாம், பதிந்தேன். ஆனால் பூட்டுப் போட்டுத்தான் பதிகிறது, அந்தப் பெட்டியைத் தவிர வேறெங்கும் திறக்காது. பெட்டி மாறினால் எல்லாம் போச்சு. அதனால் பெட்டியின் ஏவி ஓட்டையிலிருந்து குச்சிக்கு ஒயர். ஒரே ஒயர் மூன்றாகப் பிரியும் வகையில் கவனம் வேண்டும். எல்லா ஒயரிலும் உள்ளே இணைப்பு ஒரே வரிசையில் இருக்காது. எனக்கு முதலில் படமே வராமல் வண்டு மாதிரி உறுமல் மட்டும் கேட்டது. மஞ்சளுக்குப் பதில் சிவப்பைச் செருகியதும் படம் வந்தது, சத்தம் ஒரு பக்கம்தான். 60 ரூபாய்க்கு வேறு ஒயர் வாங்கினேன். தரம் டிவிடி அளவுக்குத்தான் இருக்கும், எச்டி எதிர்பார்க்க முடியாது. பட்டிமன்றத்துக்கு அது போதும் என்கிறார் அம்மா.

குச்சி, டெக் பழுது, ஆல்கஹால், ஒயர், டிவிடி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். ஹார்ட் டிஸ்க் கணக்கைச் சேர்த்தால் கூடும், அது எப்படியும் வாங்கியிருப்பேன். நேரத்துக்குக் கணக்கு வைக்கவில்லை. மூன்று மணி நேரக் கேசட் ஓட மூன்று மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. மூன்று நாலு கேசட்தான் இருக்கிறது என்பவர்கள் பேசாமல் ஸ்டுடியோவில் கொடுத்துவிடலாம்.

பூஞ்சையில் தோற்ற மூன்று கேசட்டை இன்னும் தூக்கிப் போடவில்லை. அதில் ஒன்றின் முதுகில் பச்சை மையில் "மாரியம்மன்" என்று இருக்கிறது. அது பெரியப்பா எழுத்து என்பதால் உள்ளே கிரிக்கெட்டாகவும் இருக்கலாம்.