வேர்டா, கூகுள் டாக்ஸா, விக்கியா: பணிமுறை ஆவணங்களை எதில் வைப்பது?

கோவையில் மோட்டார் பம்புகள் தயாரிக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் பணிமுறை ஆவணங்களைப் பராமரிப்பது என் பொறுப்பு. வைண்டிங், வார்னிஷ் ஏற்றுதல், அசெம்பிளி, டெஸ்டிங் என ஒவ்வொரு பிரிவிலும் எந்த வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதிவைத்த குறிப்புகள்தான் இவை. நெடுங்காலம் வேர்ட் கோப்புகளாகவும் அச்சிட்ட ஃபைல்களாகவும் இருந்தன. இடையில் கூகுள் டாக்ஸைப் பயன்படுத்தினோம். இப்போது டோக்குவிக்கி என்ற இலவச விக்கி மென்பொருளில் வைத்திருக்கிறோம். விக்கி என்பது உலாவியில் பக்கம் பக்கமாகப் படித்து, அங்கேயே திருத்தவும் கூடிய இணையதளம். இந்த மூன்றில் எது என்று யார் கேட்டாலும், தொழிற்சாலைக்கு விக்கிதான் என்பேன்.

மூன்றிலும் யூனிகோடு தமிழ் (எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி தெரியும் பொதுக் குறியீட்டில் அமைந்த தமிழ்) சிக்கலின்றி வரும், படம் சேர்க்கலாம், தலைப்புகள் இடலாம், தேடலாம். எனவே இவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எக்செல் கட்டங்களுக்குள் செய்முறையை எழுதும் வழக்கம் பல அலுவலகங்களில் உண்டு. பரிசோதனைப் பட்டியலுக்கு அது சரி, விளக்கம் தேவைப்படும் எதற்கும் ஆகாது.

வேர்டின் பலங்களை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் அது தெரியும். தலைப்புகளுக்கு உரிய ஸ்டைலைக் கொடுத்தால் பொருளடக்கம் தானாக உருவாகும். திருத்தங்களைக் கண்காணிக்கும் வசதி, ஒப்புதல் தருபவருக்கு எது மாறியது என்று காட்டிவிடும். அச்சில் எடுத்தால் ஒழுங்காக வரும், கையெழுத்து வாங்கலாம். நடைமுறையில் நான் பார்த்த வேர்ட் ஆவணங்களில் பெரும்பாலானவற்றில் தலைப்பு என்பது எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கியது மட்டுமே. அதனால் பொருளடக்கமும் கிடைக்காது, பக்கவாட்டில் தலைப்புகளைப் பார்த்துத் தாவவும் முடியாது. இது மென்பொருளின் குறை இல்லை, பழகினால் சரியாகிவிடும்.

பழகியும் சரியாகாதது ஆவணத்தின் வடிவம். தர மேலாண்மைக்கான சர்வதேசத் தரநிர்ணயமான ஐஎஸ்ஓ 9001இன் 2008 பதிப்பு, ஒரு தரக் கையேட்டையும் ஆறு விஷயங்களுக்கு எழுதப்பட்ட நடைமுறைகளையும் கட்டாயமாகக் கேட்டது. அந்தக் காலத்து வார்ப்புருக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நோக்கம், எல்லை, வரையறைகள், பொறுப்புகள், தொடர்புடைய ஆவணங்கள் என்று மூன்று பக்கம் கடந்த பிறகுதான் வேலையே தொடங்கும். 2015 பதிப்பு தரக் கையேட்டுக் கட்டாயத்தை நீக்கிவிட்டது. அதன் 7.5 ஆம் பிரிவு கேட்பதில் முக்கியமானவை இரண்டு: தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் நேரத்தில் தகவல் கிடைக்க வேண்டும், மாற்றங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். தாளிலா திரையிலா என்று அது வற்புறுத்துவதில்லை. ஆனாலும் புதிய வேர்ட் கோப்பு திறக்கும் ஒவ்வொருவரும் பழைய கோப்பை நகலெடுத்துத்தான் தொடங்குகிறார்கள். பழைய முன்னுரைகளும் கூடவே வந்துவிடுகின்றன.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது திருத்தம்தான். ஓர் எண் மாறும்போது என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். மோட்டாரின் சுழலாத பகுதியான ஸ்டேட்டருக்குப் பூசும் வார்னிஷை வேறு நிறுவனத்திடம் வாங்கத் தொடங்கினால், உலையில் காயவைக்கும் வெப்பநிலையும் நேரமும் மாறும். அந்த இரண்டு எண்களும் செய்முறைத் தாளில் இருக்கும். தர ஆய்வாளரின் சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கும். புதிதாகச் சேருபவர்களுக்கான பயிற்சிக் குறிப்பிலும் இருக்கும். வேர்டில் இவை மூன்று தனிக் கோப்புகள். ஒவ்வொன்றையும் திறந்து திருத்தி, பதிப்பு எண்ணை ஏற்றி, பிடிஎஃப் எடுத்து, அச்சிட்டு, உலைக்குப் பக்கத்தில் தொங்கும் பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். மின்னஞ்சலில் போன இணைப்புகளையும், சூப்பர்வைசர் தன் கணினியில் சேமித்த நகலையும் யாராலும் கழற்ற முடியாது. கோப்புப் பெயரில் 'இறுதி', 'புதிய இறுதி' என்று சேர்ந்துகொண்டே போகும். படிப்பவருக்கு ஆவணம் எவ்வளவு தெளிவாக எழுதப்பட்டிருந்தாலும், இது இப்போது செல்லுபடியாகுமா என்ற சந்தேகம் வந்துவிட்டால் அவர் படிப்பதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருக்கும் மூத்தவரைக் கேட்பார். அதற்குப் பிறகு அந்த ஆவணம் தணிக்கைக்காக மட்டுமே உயிரோடு இருக்கும்.

விக்கியில் அந்த எண்கள் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. சரிபார்ப்புப் பட்டியலும் பயிற்சிக் குறிப்பும் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கின்றன. ஒரு பக்கத்தின் பகுதியை இன்னொரு பக்கத்துக்குள் அப்படியே காட்டும் செருகுநிரலும் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) உண்டு. ஓரிடத்தில் திருத்தினால் போதும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிவிடும். இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம், தேவையானால் பழையதை மீட்கலாம். உலைக்கு அருகில் இப்போது எண்கள் அச்சிட்ட தாள் இல்லை. கியூஆர் குறியீடு ஒட்டிய அட்டை இருக்கிறது. செல்பேசியில் காட்டினால் அன்றைய பக்கம் திறக்கும். ஏ4 பக்கத்தைச் சிறிய திரையில் விரித்தும் நகர்த்தியும் படிக்கும் தொல்லை இல்லை, வரிகள் திரை அகலத்துக்கு மடங்கிக்கொள்கின்றன.

எழுதும் முறையும் இதனால் மாறியது. விக்கியில் ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்வது இயல்பாக வருகிறது. டோக்குவிக்கியில் ஒரு பக்கத்தில் மூன்று தலைப்புகள் வந்ததும் பொருளடக்கம் தானாகத் தோன்றும். ஒவ்வொரு தலைப்புக்கும் தனித் திருத்தப் பொத்தான் இருப்பதால், திருத்த வந்தவர் அந்தத் துண்டை மட்டும் தொடுவார். செய்ய வேண்டியதை எண்ணிட்ட வரிகளில் முதலில் வைக்கிறோம். அளவும் வரம்பும் அந்தந்த வரியிலேயே இருக்கும். 'ஏன் இப்படி' என்ற விளக்கம் கீழே தனித் தலைப்பில். வேலையின் நடுவில் நிற்பவருக்கு விளக்கம் இடைஞ்சல், கற்றுக்கொள்ள வந்தவருக்கு அதுதான் தேவை. இருவரையும் ஒரே பத்தியில் திருப்திப்படுத்த முயல்வதுதான் அலுவலக ஆவணங்களைப் படிக்க முடியாதவையாக ஆக்குகிறது என்று உறுதியாக நம்புகிறேன். வேர்டிலும் இப்படிப் பிரித்து எழுதலாம். ஆனால் அங்கே அது ஒருவரின் கட்டுப்பாட்டைப் பொறுத்தது, விக்கியில் கருவியே அந்தத் திசையில் இழுக்கிறது.

கூகுள் டாக்ஸ், எழுதும் கட்டத்துக்கு மூன்றிலும் சிறந்தது. நான்கு பேர் ஒரே நேரத்தில் கருத்துச் சொல்ல இதைவிட வசதி இல்லை. 2022 முதல் பக்கப் பிரிவு இல்லாத அமைப்பும் வந்திருப்பதால் திரையில் படிக்க நன்றாக இருக்கிறது. இன்றும் புதிய செய்முறையை அதில்தான் வரைவாக எழுதுகிறோம். ஆனால் ஆவணங்கள் பெருகியதும், எந்தக் கோப்புறையில் எது என்ற தேடல் தொடங்கிவிட்டது. தனிநபர் கணக்கில் உருவாக்கிய கோப்பு அந்த நபருக்கே சொந்தம் என்பதால், அவர் வேலையை விட்டுப் போகும்போது கைமாற்றுவதும் தலைவலி. கட்டணப் பதிப்பின் பகிர்வு இயக்ககத்தில் உரிமை நிறுவனத்திடம் இருக்கும். அதைப் பெரிய குழுவோடு பயன்படுத்திய அனுபவம் எனக்குக் குறைவு, எனவே அங்கே என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

விக்கிக்கும் விலை உண்டு. அட்டவணைகள் கடினம். கட்டங்களை இணைத்த எக்செல் அட்டவணையை உள்ளே கொண்டுவர உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். சர்வரைப் பார்த்துக்கொள்ளவும், காப்புப்படி எடுக்கவும், புதிய பதிப்புக்கு ஏற்றவும் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். எங்களிடம் கணினிப் பிரிவில் ஆர்வமுள்ள ஒருவர் இருந்ததால் முடிந்தது. டோக்குவிக்கிக்குத் தரவுத்தளம் தேவையில்லை, பக்கங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகவே வைக்கிறது. எனவே நாளை மென்பொருளையே கைவிட்டாலும் எந்த நோட்பேடிலும் அவற்றைத் திறக்கலாம். இது எனக்குப் பெரிய நிம்மதி.

தமிழில் தொடங்குபவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். முதலாவது, பக்கப் பெயர். டோக்குவிக்கி இயல்பாகத் தமிழ்ப் பெயரைக் குறியாக்கம் செய்து, அதாவது ஆங்கில எழுத்துகளும் எண்களும் விழுக்காட்டுக் குறியும் கொண்ட வடிவமாக மாற்றித்தான் கோப்பாகச் சேமிக்கிறது. அதில் ஒவ்வொரு யூனிகோடு குறியும் ஒன்பது எழுத்து இடத்தைப் பிடிக்கும். புள்ளியும் துணையெழுத்தும் தனிக் குறிகளாக எண்ணப்படும். சர்வர்களில் பரவலாக உள்ள லினக்ஸ் இயங்குதளத்தில் கோப்புப் பெயரின் எல்லை பொதுவாக 255 பைட். ஆக, 'ஸ்டேட்டர் வார்னிஷ் ஏற்றும் முறை' என்பது போன்ற பெயரே எல்லையைத் தாண்டிவிடும். அமைப்புகளில் குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என மாற்றினால் ஒரு குறிக்கு மூன்று பைட்தான் ஆகும். நாங்கள் பக்கப் பெயரை ஆங்கிலத்தில் சுருக்கமாக வைத்து, முதல் தலைப்பையே பெயராகக் காட்டும் அமைப்பைப் போட்டுக்கொண்டோம். படிப்பவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தமிழ்.

இரண்டாவது, பழைய எழுத்துருக்கள். பாமினி, வானவில் போன்றவற்றில் தட்டச்சு செய்த கோப்புகள் பார்வைக்குத் தமிழ், உள்ளே வேறு குறிகள். விக்கியில் ஒட்டினால் புரியாத எழுத்துக் குப்பையாக வரும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தும் பழைய கோப்புகள் இன்னும் நிறைய இருக்கின்றன. எழுத்துரு மாற்றியில் இட்டு, பிறகு ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அளவுகள் இருக்கும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை, டிகிரிக் குறியும் கூட்டல் கழித்தல் குறியும் அடிக்கடி சிதைகின்றன.

நான்கைந்து பேர் உள்ள அலுவலகம், அபூர்வமாக மாறும் ஆவணங்கள் என்றால் வேர்டே போதும். பொதுக் கோப்புறையில் ஒரே கோப்பை வைத்து, மின்னஞ்சலில் கோப்பையே இணைத்து அனுப்பாமல் அது இருக்கும் முகவரியை மட்டும் அனுப்பப் பழகினால் பாதித் தொல்லை தீரும். விக்கிக்குப் போவதாக இருந்தால், அடிக்கடி மாறும் ஆவணங்களிலிருந்து தொடங்குங்கள். ஒப்பந்தங்கள், கையெழுத்திட்ட சான்றிதழ்கள், வாடிக்கையாளருக்குப் போகும் சோதனை அறிக்கைகள் எங்களிடம் இன்றும் வேர்டிலும் பிடிஎஃபிலும்தான் இருக்கின்றன. விக்கியில் அவற்றுக்கு ஓர் இணைப்பு மட்டும்.