பாய்சன் ஐவி படர்ந்த மரத்தை வெட்ட ஆள் அமர்த்துவோர் கவனத்திற்கு

நியூ ஜெர்சியில் வீட்டுக் கொல்லையில் பட்டுப்போன ஆஷ் மரத்தை வைத்துக்கொண்டு, அதை வெட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்று எழுதுகிறேன். தோலில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும் பாய்சன் ஐவி கொடி மரத்தின் மேல் ஏறியிருந்தால், மரத்தை எப்படிச் சாய்ப்பார்கள் என்று கேட்பது மட்டும் போதாது. சாய்த்த பிறகு அந்தக் கொடி எங்கே போகும் என்பதையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். எங்களிடம் பணம் வாங்கிய நிறுவனம் அதைத் துகளாக்கி எங்கள் காய்கறிப் பாத்தியின் ஓரத்திலேயே கொட்டிவிட்டுப் போனது.

2002இல் டெட்ராய்ட் பக்கம் கண்டறியப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்னும் பச்சை வண்டு 2014இல் நியூ ஜெர்சிக்கும் வந்து சேர்ந்தது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில் குடைந்து நீரோட்டத்தை அறுத்துவிடுவதால் ஆஷ் மரங்கள் சில ஆண்டுகளில் பட்டுவிடுகின்றன. பட்ட ஆஷ் மரம் விரைவில் நொறுங்கும் தன்மை அடைவதால் அதில் ஆள் ஏறுவதே ஆபத்து. எங்கள் கொல்லையில் இப்படி இரண்டு மரங்கள் நின்றன. இரண்டிலும் மணிக்கட்டுப் பருமனில், பழுப்பு நிற வேர்முடிகள் அடர்ந்த கொடி உச்சி வரை ஏறியிருந்தது. இலை துளிர்க்காத மார்ச் மாதத்தில் மூன்று மூன்றாக இருக்கும் இலைகளைக் கொண்டு அடையாளம் காண முடியாது என்றாலும், அந்த முடியடர்ந்த தண்டைப் பார்த்தாலே இத்தொழிலில் உள்ள எவருக்கும் தெரிந்துவிடும். விலை சொல்ல வந்த மேற்பார்வையாளருக்கு என் கணவர் கொடியைச் சுட்டிக்காட்டினார். முன்னதாகவே படங்களையும் அனுப்பியிருந்தோம். "கொடி செத்துவிட்டது, கவலை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அது உண்மையல்ல. பாய்சன் ஐவியின் இலை, தண்டு, வேர் ஆகிய எல்லாவற்றிலும் உருஷியால் என்னும் எண்ணெய் இருக்கிறது. கொடி செத்த பிறகும் அது தண்டிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கும். கையுறை, ரம்பம், காலணி, நாயின் முடி என்று எதில் ஒட்டினாலும் அங்கிருந்து தோலுக்கு வரும். நம் ஊர்ச் சேராங்கொட்டையும் மாமரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், சேராங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

முதல் மரத்தை வெட்டிய நாளில் அவர்கள் கொடியைத் தனியே பிரிக்கவில்லை. மரத்தோடு சேர்த்துச் செயின்சாவால் அறுத்து, கிளையையும் கொடியையும் ஒன்றாக, மரத்தைத் துகளாக்கும் சிப்பர் இயந்திரத்தில் தள்ளினார்கள். துகள்களை அள்ளிச் செல்லும் செலவு அவர்களுடையது. அதைத் தவிர்ப்பதற்காக, "செடிகளுக்கு நல்ல மூடாக்கு, இலவசமாக விட்டுச் செல்கிறோம்" என்று குறுஞ்செய்தி அனுப்பினார்கள். மதுரையிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்த என் அம்மா, தோட்ட வேலையில் ஆசை உள்ளவர், அந்தத் துகள்களை வெறுங்கையால் அள்ளிப் பாத்திகளைச் சுற்றிப் பரப்பினார்.

முன்பு இந்த எண்ணெயால் தோல் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் ஓரிரு நாளில் தடிப்பு தோன்றும். முதன்முறையாகப் படுபவர்களுக்கு இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். அம்மாவுக்கு அப்படித் தாமதமாகத்தான் வந்தது. முன்கைகளிலும் கழுத்திலும் கோடு கோடாகச் சிவந்து, கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, இரவில் தூங்கவே முடியாத அரிப்பு. மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரையைச் சில வாரங்களுக்குப் படிப்படியாகக் குறைத்து எடுக்கச் சொன்னார். பாதியில் நிறுத்தினால் தடிப்பு திரும்ப வரும் என்றார். நீரிழிவு உள்ள அம்மாவுக்கு அந்த மாத்திரையால் சர்க்கரை ஏறியது. விருந்தாளியாக வந்த வயதான ஒருவரை இந்த நிலைக்கு ஆளாக்கியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

நிறுவனத்திடம் முறையிட்டபோது, வேலை முடிந்து இத்தனை நாள் கழித்து வந்த நோய்க்குத் தாங்கள் பொறுப்பல்ல என்றார்கள். தாமதமாக வருவதே இதன் இயல்பு என்று மருத்துவரின் குறிப்பை அனுப்பினேன். பிறகு, துகள்களை நாங்களே கேட்டு வாங்கினோம் என்று பேச்சை மாற்றினார்கள். அடுக்கி வைத்துப் போன கட்டைகளிலும் கொடித்துண்டுகள் ஒட்டியிருந்தன. அவற்றை விறகென்று எரித்திருந்தால் புகையோடு அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போயிருக்கும். அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடியது.

இரண்டாவது மரத்தை வேறொரு நிறுவனம் வெட்டியது. இந்த வேலை எப்படி நடக்க வேண்டும் என்று அன்றுதான் நேரில் பார்த்தேன். முழு உடலையும் மூடும், ஒருமுறை உடுத்தி எறியும் உடையை அணிந்து, மணிக்கட்டில் கையுறையோடு சேர்த்து ஒட்டுநாடா சுற்றிக்கொண்டார்கள். கொடியை முதலில் கைரம்பத்தால் தரையருகிலும் நெஞ்சுயரத்திலும் அறுத்து இடையில் இருந்த துண்டை எடுத்தார்கள்; இயந்திர ரம்பம் கொடியில் பட்டால் சாறும் தூளும் முகத்தில் தெறிக்கும் என்பதே காரணம். மேலே இருந்த கொடியைப் பிடித்து இழுக்கவில்லை. இழுத்தால் வேர்முடிகள் பிய்ந்து தலையில் கொட்டும். தரையில் நின்ற தண்டில் உயிர் இருந்ததால், மறுபடி தளிர்க்காமலிருக்க, வெட்டிய முகத்தில் உடனே களைக்கொல்லி தடவினார்கள். மரத்தில் யாரும் ஏறவில்லை; கிரேன் கொண்டு பகுதி பகுதியாக இறக்கி, கொடி ஒட்டிய கட்டைகளைச் சிப்பரில் போடாமல் முழுதாகவே வண்டியில் ஏற்றினார்கள். கிளம்பும் முன் கருவிகளை ஆல்கஹால் விட்டுத் துடைத்தார்கள். பழைய துகள்களையும் மேல்மண்ணோடு வாரிச் சென்றார்கள். அதற்குத் தனியாகக் கட்டணம் கொடுத்தோம்.

நியூ ஜெர்சியில் மரம் வெட்டும் நிறுவனங்கள் மாநில மர வல்லுநர் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பது சட்டம். பதிவு எண்ணையும் காப்பீட்டுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தில், கொடியைத் தனியே அறுப்பது, சிப்பரில் போடாதது, கழிவு முழுவதையும் அகற்றுவது ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்கட்டும். இதில் ஒன்றை மறுத்தாலும் அவர்களை அமர்த்தாதீர்கள். உங்கள் வீட்டில் ஏற்கெனவே இப்படித் துகள்களைக் கொட்டியிருந்தால், குழந்தைகளையும் நாயையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். தோலில் பட்டுவிட்டால் தாமதிக்காமல், முடிந்தால் சில நிமிடங்களுக்குள், பாத்திரம் கழுவும் சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு துணியால் தேய்த்துப் பலமுறை கழுவுங்கள். உடுத்திய துணியை மற்றவற்றோடு சேர்க்காமல் சுடுநீரில் துவையுங்கள்.

வாரியத்திலும் மாநில நுகர்வோர் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். துகள்களை நாங்களே கேட்டதாக நிறுவனம் சொல்லும் பதிலுக்கு எதிராக, "இலவசமாக விட்டுச் செல்கிறோம்" என்ற அவர்களுடைய குறுஞ்செய்தியையும் நாங்கள் முன்பே அனுப்பிய கொடியின் படங்களையும் இணைத்திருக்கிறோம். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது.