பட்டாளத்து எலக்ட்ரீஷியனுக்கு ஊரில் எந்தச் சான்றிதழ் உதவும்? டிஸ்சார்ஜ் புக், கம்பியாளர் உதவியாளர், என்டிசி

பட்டாளத்தில் 17 வருடம் எலக்ட்ரீஷியன் ட்ரேடில் இருந்துவிட்டுத் தக்கலைக்குத் திரும்பினேன். பணி விவரம் எல்லாம் எழுதிய டிஸ்சார்ஜ் புக் கையில் இருக்கிறதே, வேறு என்ன கேட்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வேலைக்குச் சான்றிதழ் சரிபார்க்கப் போனபோது அங்கிருந்தவர் புத்தகத்தைப் புரட்டினார், என் ட்ரேட் தரம் கிளாஸ் 1 என்று எழுதியிருந்த வரியில் விரலை வைத்தார், "இது சரி சார், என்டிசி எங்கே?" என்றார். என்டிசி என்றால் தேசிய தொழிற்சான்றிதழ், ஐடிஐ படித்தவர்கள் தேர்வு எழுதி வாங்குவது. அவர் மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் இல்லை.

இப்போது ரிலீஸ் ஆகி வரும் தம்பிகள் இதையே கேட்கிறார்கள், அதனால் மூன்று வழிகளையும் எழுதுகிறேன். நான் எடுத்தது என்டிசி, என் சாய்வும் அந்தப் பக்கம்தான்.

டிஸ்சார்ஜ் புக்கை மட்டும் நம்புவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "15 வருடம் சர்வீஸ் போட்டால் டிகிரிக்குச் சமம்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது 1986ல் வந்த மத்திய அரசு விதி. பத்தாவது தேறி 15 வருடம் பணி செய்தவர், பட்டம் கேட்கும் குரூப் சி பதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் தொழில்நுட்ப அனுபவம் தேவைப்படாத பதவிகளுக்குத்தான் அது பொருந்தும். ஆபீஸ் வேலை தேடுகிறவருக்கு நல்ல வழி, எலக்ட்ரீஷியன் வேலைக்கு அதை வைத்து ஒன்றும் நடக்காது.

அடுத்தது கம்பியாளர் உதவியாளர், அதாவது ஒயர்மேன் ஹெல்பர், தகுதிகாண் தேர்வு. 21 வயது முடிந்திருக்க வேண்டும், ஒயரிங்கில் ஐந்து வருட அனுபவம் வேண்டும், மேல் வயது வரம்பு கிடையாது. அறிவிப்பு வந்ததும் நாகர்கோவில் கோணம் அரசு ஐடிஐயில் விசாரித்தால் விவரம் கிடைக்கும். கருங்கல் பக்கத்தில் நேவியிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் இதைத்தான் எழுதினார். ஒரு கான்ட்ராக்டரோடு சேர்ந்து வீட்டு ஒயரிங் செய்கிறார், கையில் எப்போதும் வேலை இருக்கிறது. ஊரிலேயே இருந்து ஒயரிங் மட்டும் போதும் என்பவருக்கு இது சீக்கிரம் பலன் தரும். அதை நான் மறுக்கவில்லை.

நான் ஏன் அந்த வழியில் போகவில்லை என்றால், அடுத்த படியைப் பார்த்தேன். சட்டப்படி ஒயரிங் வேலையை லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்று உள்ளவர் கூட நின்று மேற்பார்க்க வேண்டும். உதவியாளர் சான்று உங்களை இன்னொருவருக்குக் கீழே வைத்துவிடுகிறது. என்டிசி இருந்தால் சென்னை மின் உரிம வாரியத்தில் கம்பியாளர் தகுதிச் சான்றுக்கே விண்ணப்பிக்கலாம். மின்வாரியத்தின் கள உதவியாளர் பணி, மகேந்திரகிரி இஸ்ரோவின் டெக்னீஷியன் பணி, இப்படி நம் ஊரைச் சுற்றி வருகிற விளம்பரம் எதை எடுத்தாலும் என்டிசி அல்லது அப்ரன்டிஸ் பயிற்சிக்குத் தரும் என்ஏசி என்றுதான் போட்டிருக்கும். படை ட்ரேடுக்கும் சிவில் ட்ரேடுக்கும் சமன் காட்டும் பட்டியல், படைவீரர் மறுவாழ்வுக்கான மத்திய அரசு அலுவலகமான டிஜிஆரில் உண்டு, உண்மைதான், ஆனால் அதை ஒவ்வொரு மேசையிலும் எடுத்து விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். என்டிசியை நீட்டினால் பேச்சே வராது. முன்னாள் படைவீரருக்கு மத்திய அரசின் குரூப் சி பதவிகளில் 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அந்த ஒதுக்கீட்டை டெக்னிக்கல் பதவியில் பயன்படுத்தவும் முதலில் இந்தத் தாள் வேண்டும்.

ஐடிஐயில் இரண்டு வருடம் உட்காராமல், சர்வீஸ் அனுபவத்தைக் காட்டி அகில இந்திய தொழிற்தேர்வை நான் தனித்தேர்வராக எழுதினேன். சுலபம் என்று சொல்ல மாட்டேன். தியரி கம்ப்யூட்டரில், பிராக்டிகல் பட்டறையில். மோட்டாருக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கனெக்‌ஷன் கை பழகியது, அதில் பயமில்லை. எர்த்திங்கில்தான் தடுமாறினேன். கேம்ப்பில் ஜெனரேட்டருக்கு ஒரு ராடை அடித்து, கிளாம்ப் போட்டு முடுக்கிப் பழக்கம். இங்கே 38 மில்லிமீட்டர் ஜிஐ பைப், இரண்டரை மீட்டர் நீளம், சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கடுக்காக, மேலே தண்ணீர் ஊற்ற ஃபனல் என்று வரைந்து காட்டச் சொன்னார்கள். அதன் அருமை பிறகு மணவாளக்குறிச்சியில் கடலோரத்து வீடு ஒன்றில் புரிந்தது. எர்த் கிளாம்ப் உப்புக்காற்றில் அரித்து, தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. அந்த வீட்டில் குளிக்கிற வெந்நீர் ஹீட்டர் அந்த எர்த்தை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது. பட்டாளத்தில் கற்றது குறைவு என்று சொல்ல வரவில்லை, வேறு வேலை அது. என்னோடு இருந்த வண்டி எலக்ட்ரீஷியன்கள் சர்வீஸ் முழுக்க 24 வோல்ட் டிசி லாரியிலேயே கழித்தவர்கள், அவர்கள் 230 வோல்ட் வீட்டுக்குள் கை வைக்கும் முன் கட்டாயம் படித்தாக வேண்டும். தேர்வு அந்தப் படிப்பைக் கொடுக்கிறது, எனக்கு அதுவே பெரிய லாபம்.

இதில் இடைஞ்சல் நேரம்தான். அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும், தகுதி விவரத்தை அந்தந்த வருட அறிவிப்பில் படித்துப் பார்க்க வேண்டும், வீட்டில் பென்ஷனை வைத்து ஒரு வருடம் ஓட்டும் தெம்பு வேண்டும். அது இல்லாதவர் முதலில் உதவியாளர் தேர்வை எழுதிச் சம்பாதித்துக்கொண்டே இதற்குப் படிக்கலாம், அப்படிச் செய்தவர்களும் உண்டு.

ஏற்கெனவே தெரிந்த வேலையைச் சில நாளில் மதிப்பிட்டுத் தருகிற ஆர்பிஎல் சான்றிதழ் என் நண்பர் ஒருவரிடம் இருக்கிறது. ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலை வேலைக்கு அதை வைத்துச் சேர்ந்தார். நான் எடுத்ததில்லை, அதனால் அந்த ஒருவர் அனுபவத்தை வைத்து எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். வளைகுடா வேலைக்கும் நான் போகவில்லை, அதைப் போய் வந்தவர்களிடம் கேளுங்கள்.

ஒன்று மட்டும் ரிலீஸுக்கு முன்பே செய்துவிடுங்கள். யூனிட்டிலிருந்து ட்ரேட் கிளாஸ் சான்றோடு, எந்த வேலை, எத்தனை வருடம், என்ன வோல்டேஜ் என்று விவரமாக எழுதி முத்திரையோடு வாங்குங்கள். நான் அதை விட்டுவிட்டு, வெளியே வந்தபின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டேன். தாள் கைக்கு வர நான்கு மாதம் ஆயிற்று, அந்த வருடத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதி அதற்குள் முடிந்திருந்தது.