ஈரச்சுவருக்கு "கோட்டிங்" அடிச்சு 185,000 ரூபா போச்சு, மலைப்பக்கம் பழைய வீடு வச்சிருக்கவங்க கொஞ்சம் படிங்க

நேத்து ராத்திரி அம்மா படுக்குற ரூம்ல சுவத்துப் பெயின்ட் ஒரு பாய் அகலத்துக்கு உரிஞ்சு கட்டில்ல விழுந்துருச்சு. மார்ச் மாசம் பூசுனது. குடுத்தது 185,000 ரூபா.

வீடு இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல இருந்து கொஞ்சம் உள்ளுக்கு. தாத்தா தேயிலைத் தோட்டத்துல கிளாக்கரா இருந்து ரிட்டயர் ஆகி வாங்குனது, கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வச்சுக் கட்டுன ஒன்றரை அடிச் சுவர், பின்னால மேடு. மே மாசம் மழை புடிச்சா செப்டம்பர் வரைக்கும் பின் ரூம்ல துணி காயாது, அலுமாரிக்குள்ள பூஞ்சணம், அம்மாவுக்கு இழுப்பு வேற. அதனாலதான் வீட்டு வேலைக்கு ஆள் புடிச்சுக் குடுக்குற ஒரு ஆப்ல தேடுனேன், "ஈரச்சுவர் ஸ்பெஷலிஸ்ட், 10 வருஷ வாரண்டி"ன்னு ஒருத்தங்க போட்டிருந்தாங்க.

வந்தவரு வாசல்லயே சப்பாத்தக் கழட்டிட்டு உள்ள வந்தாரு. அம்மா குடுத்த ப்ளேன்டீய வாங்கிட்டு "கித்துல் கருப்பட்டி இருக்கா அம்மா"ன்னு உரிமையா கேட்டாரு, அவ்வளவுதான், அம்மா அவரப் புள்ளையாவே எடுத்துட்டாங்க. நானும்தான், பொய் சொல்லக் கூடாது. பிறகு ரெண்டு ஊசி வச்ச மீட்டர் ஒன்னச் சுவத்துல குத்துனாரு, கீகீன்னு கத்தி சிவப்பு லைட் எரிஞ்சுச்சு. சுவத்துல உப்பு பூத்திருந்தாலே அந்த மீட்டர் அப்பிடித்தான் கத்துமாம், இப்பதான் தெரியுது. பின்பக்கக் கதவ நானே தொறந்து காட்டுனேன், "அட்டை கடிக்குமே"ன்னு சிரிச்சிட்டுத் திரும்பிட்டாரு. அங்கயே யோசிச்சிருக்கணும்.

மூணு நாள்ல வேலை முடிஞ்சுது. பழைய சுண்ணாம்புப் பூச்சு மேலயே சிமெந்து, அதுக்கு மேல பளபளன்னு கோட்டிங். காசு முழுக்க முன்னுக்கே வாங்கிட்டாங்க, பில்லுல ஒரு போன் நம்பர் மட்டும்தான், அட்ரஸ் இல்ல.

மே கடைசியில மழை வந்து மூணாவது வாரம் கொப்புளம் கொப்புளமா ஊதுச்சு. முந்தி ஈரம் முட்டளவுக்குத்தான் இருந்துச்சு, இப்ப இடுப்புக்கு மேல. போன் பண்ணா "சேர் சைட்ல இருக்காரு". அடுத்த நாள் "மழை விடட்டும், பாக்கலாம்". மழைக்குத்தானேய்யா 185,000 குடுத்தேன்! வட்ஸ்அப்ல போட்டோ அனுப்புனா நீல டிக் விழும், பதில் வராது. ஆப்புக்கு எழுதுனா "நாங்க அறிமுகம் மட்டும்தான் செய்றோம்". கடைசியா அதே ஆள் எடுத்து என்ன சொன்னாரு தெரியுமா, வாரண்டி பூச்சுக்குத்தானாம், ஈரத்துக்கு இல்லையாம், பின் மேட்ட வெட்டி ஒரு சுவர் கட்டுனா சரியாகுமாம், இன்னொரு நாலு லட்சம். 2014ல கொஸ்லந்தப் பக்கம் மீரியபெத்தைத் தோட்டத்த மண்சரிவு மூடுனதப் பாத்த நாட்டுல மழைக்காலத்துல மேட்ட வெட்டச் சொல்றான்! வாயில வந்தத இங்க எழுத முடியாது.

இந்த வாரம் பக்கத்துத் தோட்டத்து வயசான மேசன் ஐயா ஒருத்தரக் கூட்டிட்டு வந்தோம். அவரு சுவத்தத் தொடக்கூட இல்ல, நேரா பின்னுக்குப் போயி அலவாங்க எடுத்து மண்ணக் குத்துனாரு. வருஷக்கணக்கா மேட்டுல இருந்து சரிஞ்ச மண்ணு சுவத்தோட சேந்து நம்ம தரைய விட ஒன்றரை அடி உசந்து நிக்குது, அடியில தாத்தா காலத்துக் கான், அதான் தண்ணி ஓடுற வாய்க்கால், புதைஞ்சு கெடக்கு, போதாக்குறைக்கு கூரையோரம் மழைத்தண்ணி புடிக்கிற பீலி ஓட்டையா இருந்து தண்ணி முழுக்க அந்த எடத்துலதான் கொட்டுது. ரெண்டு பேர், ரெண்டு நாள் கூலி, மம்பட்டி. கான் திரும்ப ஓடுது. சுண்ணாம்புச் சுவர் குடிச்ச தண்ணிய வெளிய மூச்சு விடுமாம், சிமெந்த அப்புனா விட வழியில்லாம மேல ஏறுமாம். இப்ப அந்தச் சிமெந்தக் கொத்தி எடுக்கணும், அதுக்குத் தனிச் செலவு, ஒன்றரை அடிக் கல்லு காய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்னு சொல்லிட்டாரு.

எப்பிடி ஆள் பாத்து எடுக்கணும்னு வெவரமா எழுதலாம்னுதான் ஆரம்பிச்சேன், தலை வலிக்குது, சுருக்கமா சொல்றேன். பின்பக்கம் போயிப் பாக்காதவனுக்கு ஒரு சதமும் குடுக்காதீங்க. மொதல்ல பீலி, கான். பழைய கல் வீட்டுக்கு சிமெந்து வேணாம், சுண்ணாம்புதான். மேட்டுல கை வைக்கிறதா இருந்தா மண்சரிவு ஆபத்தப் பாக்குற தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல கேக்காம வைக்காதீங்க. அட்ரஸ் இல்லாத பில்ல வாங்காதீங்க. நான் நுகர்வோர் அதிகார சபையோட 1977 நம்பருக்கு நாளைக்கு கோல் எடுக்குறேன்.

அம்மா இன்னும் "அந்தப் பையன் நல்லவன்டா, மொதலாளிதான் ஏமாத்திருப்பான்"ங்கிறாங்க. 185,000 ரூபா! மழை திரும்ப இறுக்குது, கட்டில முன் ரூமுக்கு இழுக்கணும், வாறேன்.