நீளத் தோல் கோட்டா, இர்வின் ஜாக்கெட்டா: நான் ஏன் கோட்டுப் பக்கம் சாஞ்சேன்

நான் இருக்கறது இங்கிலாந்துல பெட்ஃபோர்ட் பக்கம். ஓல்ட் வார்டன்ல ஷட்டில்வொர்த் கலெக்‌ஷன்னு ஒரு பழைய விமான மியூசியம் இருக்கு, 1909ல செஞ்ச ப்ளேரியோ விமானத்தையே காத்து அடங்கின சாயங்காலத்துல கிளப்பிக் காட்டுவாங்க. அங்க போய்ப் போய்த்தான் பைலட்டுங்க போட்ட பழைய ஃப்ளையிங் கோட்டு மேல ஆசை வந்துது. மூணு வருஷமா காசு சேத்து போன குளிர்ல ஒண்ணு வாங்கினேன். இருந்த காசுக்கு ரெண்டுல ஒண்ணுதான் வாங்க முடியும்.

ஒண்ணு முதல் உலகப்போர் காலத்து நீளத் தோல் கோட்டு. முழங்கால் தாண்டி இறங்கும், முன்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மூடும், ரெண்டு வரிசை பட்டன், மேப் வைக்க நெஞ்சுல சாய்வா ஒரு பாக்கெட். இன்னொண்ணு இர்வின். பாராசூட் செஞ்ச லெஸ்லி இர்வின் 1930கள்ல கொண்டுவந்தது, ரெண்டாம் உலகப்போர்ல ஆர்.ஏ.எஃப், அதாவது பிரிட்டிஷ் விமானப்படை பைலட்டுங்க போட்ட ஜாக்கெட், உள்பக்கம் பூரா செம்மறி ஆட்டு ரோமம். நடுவுல 1917ல சிட்னி காட்டன்னு ஒரு பைலட் கொண்டுவந்த சிட்காட் சூட்டும் இருக்கு, ஆனா அது தோல் இல்ல, துணி, அதனால அத நான் கணக்குலயே எடுக்கல.

கதகதப்புன்னு பாத்தா இர்வின்தான், அதுல பேச்சே இல்ல. எடையும் பரவாயில்ல, உக்கார எழுந்திரிக்க சுலபம். ஆனா அது பெரும்பாலும் மூடின காக்பிட்ல போட்ட சட்டை. திறந்த காக்பிட்ல 15,000 அடியில மைனஸ் 15 டிகிரி பக்கம் குளிரு, அதுல முகத்துல அடிக்கற காத்து வேற, அங்க தொடைய மூடற கோட்டு வேணும். இன்னொண்ணும் உண்டு, நோம், லெ ரோன் மாதிரி அந்தக் காலத்து விமானத்து ரோட்டரி இன்ஜின்ல ஊத்தினது நம்ம விளக்கெண்ணெய்தான், ஊத்தின எண்ணெய் திரும்பி டேங்குக்கு வராது, வெளிய சிதறிட்டே போகும். பைலட் மூஞ்சி, கோட்டு எல்லாத்துலயும் படியும், அத மூச்சுல இழுத்தே வயிறு கலங்கும்பாங்க. வழவழன்னு இருக்கற தோலா இருந்தா ஒரு துணியால தொடைச்சுட்டு அடுத்த தடவ கிளம்பிடலாம்.

நான் முடிவெடுத்தது இதுக்காக எல்லாம் இல்ல. கிழிஞ்சா தைக்க முடியுமா, அது ஒண்ணுதான் கேள்வி. எங்க அப்பா ராணிப்பேட்டைல தோல் பதப்படுத்தற டேனரில வேல பாத்தவர், ரெண்டையும் வீடியோ கால்ல காட்டினேன். இர்வினப் பாத்ததும் அவர் சொன்னது, "இதுல தோலும் ரோமமும் ஒரே உருப்படிடா, ஒண்ணு போனா ரெண்டும் போச்சு." யோசிச்சுப் பாத்தா அதான் விஷயமே. இர்வின்ல லைனிங்னு தனியா கிடையாது. எண்பது வருஷத்துல தோல் காஞ்சு போயிருந்தா ஊசி போட்ட ஓட்டை வரிசையே பேப்பர் மாதிரி கிழியும், மறுபடி தைச்சா புது ஓட்டை, அதனால இன்னும் பலம் போகும். போர் நடுவுல தோல மிச்சம் பிடிக்க சின்னச் சின்ன துண்டா ஒட்டுப்போட்டு தைச்சதும் நிறைய, அப்ப தையல் எத்தனை இருக்கோ கிழிய அத்தனை இடம். ரோமத்துக்கு அந்துப்பூச்சி பயம் வேற, வந்துட்டா கவர்ல கட்டி மைனஸ் 18ல ரெண்டு வாரம் ஃப்ரீசர்ல வைக்கணும். நான் பாத்த இர்வினுக்கு அக்குள் ரெண்டு பக்கமும் விட்டிருந்துது, ஜிப்பும் துருப்பிடிச்சிருந்துது.

நீளக் கோட்டுல தோல் வேற, உள்துணி வேற. துணி நஞ்சு போச்சுன்னா பிரிச்சு எடுத்துட்டு புதுசு போடலாம், தோலத் தொடவே வேண்டாம். சின்னக் கிழிசலுக்குப் பின்பக்கமா ஒரு ஒட்டு வைக்கலாம். பட்டன் போனா பட்டன், அவ்ளோதான்.

அதுக்காக கோட்டுன்னா கண்ண மூடிட்டு வாங்கிடாதீங்க. மரப்பட்டையில பதப்படுத்தின பழைய தோலுக்கு ஒரு நோய் உண்டு, ரெட் ராட்டுன்னு சொல்லுவாங்க. நிலக்கரிப் புகையில இருந்த கந்தகம் தோல்ல ஏறி அமிலமாகி, செங்கல் பொடி மாதிரி உதிர ஆரம்பிக்கும். வந்துட்டா திரும்பாது, பொடி உதிராம இறுக்கி வைக்கத்தான் மருந்து இருக்கு. வெள்ளத் துணியால காலர் மடிப்பு, கைமடிப்பு, பாக்கெட் வாய் மூணையும் லேசா தேய்ச்சுப் பாருங்க, செவப்பா ஒட்டினா எவ்ளோ அழகா இருந்தாலும் வெச்சுட்டு வந்துடுங்க. அப்பா என்னைய உள்பக்க வெட்டு ஓரத்தக் காட்டச் சொன்னார். ஓரத்துக்கு நடுவுல சாம்பலும் நீலமுமா தெரிஞ்சா அது மரப்பட்டைக்குப் பதிலா குரோம் உப்புல பதப்படுத்தினது, இந்த நோய்க்கு அவ்வளவா அசையாது. என்னுது அப்படித்தான் இருந்துது, அப்பவே மனசு நின்னுடுச்சு.

இன்னொரு எச்சரிக்கை. கூரை இல்லாத கார் ஓட்டினவங்களும் அந்தக் காலத்துல இதே வெட்டுல கோட்டு போட்டாங்க, லண்டன் டன்ஹில் கடையே அப்படி மோட்டார்காரங்க உடுப்பு வித்துத்தான் பேர் எடுத்துது. பைலட் கோட்டுன்னு சீட்டு ஒட்டி விக்கறதுல எத்தனையோ மோட்டார் கோட்டு. உள்ள அம்புக்குறி மாதிரி பிரிட்டிஷ் சர்க்கார் முத்திரை இருந்தா நம்பிக்கை ஜாஸ்தி. என்னுதுல முத்திரை இல்ல, அதனால நான் இத யாருகிட்டயும் போர்க்கோட்டுன்னு சொல்ல மாட்டேன். திரும்ப விக்கறதுதான் உங்க நோக்கம்னா நல்ல நிலையில இருக்கற இர்வின்தான் சுலபமா போகும், அத ஒத்துக்கணும்.

பழைய கோட்டு மாதிரியே புதுசா தைச்ச ரெப்ளிகா ஒண்ணும் ஒரு மணி நேரம் போட்டுப் பாத்தேன். தையல் சுத்தம், தோல் உறுதி. தினம் போட்டு மழையில நனையறவங்களுக்கு அதான் சரின்னு எனக்குப் படுது, பத்து வருஷம் கழிச்சு எப்படி மடியும்னு சொல்ற அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்ல. பழசாத் தெரியணும்னு உரசி வெளுக்க வெச்சு விக்கறத மட்டும் வேண்டாம்பேன். அமெரிக்க பெண் பைலட் அமீலியா ஏர்ஹார்ட் புதுத் தோல் ஜாக்கெட் வாங்கினப்ப, புதுசாத் தெரியக் கூடாதுன்னு அதப் போட்டுட்டே தூங்கினாங்கன்னு சொல்லுவாங்க. அந்த வழி தோலுக்கும் நல்லது.

இப்ப கோட்டு அகலத் தோள் வெச்ச மர ஹேங்கர்ல, பருத்தித் துணி உறைக்குள்ள, ஹீட்டர்லேந்து தள்ளி தொங்குது. பிளாஸ்டிக் கவர் போடாதீங்க, பூஞ்சை வரும். எண்ணெய் தடவலாமான்னு கேட்டதுக்கு அப்பா வேணாம்னுட்டார், பழைய தோல்ல எண்ணெய் ஊறினா தையல் நூலும் அழுகும், தூசும் ஒட்டும். எடது கை உள்துணி மட்டும் விட்டிருக்கு, பழுப்பு நிறத்துல காட்டன் சாட்டின் தேடிட்டிருக்கேன், கிடைச்சதும் அந்தக் கைய மட்டும் பிரிச்சு மாத்தணும்.