மாஸ்டர் அண்ட் கமாண்டர்: எங்க வீட்ல பாதி பேருக்கு தூக்கம், மீதி பேருக்கு புல்லரிப்பு

கடல் படம்னதும் தோள்ல கிளி, ஒத்தக்கண்ணு கொள்ளைக்காரன், புதையல் மேப்புன்னு எதிர்பாத்து உக்காந்தா ஏமாந்துருவீங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். 2003ல வந்த பீட்டர் வியர் படம், ரஸ்ஸல் குரோவ் கேப்டன், பால் பெட்டனி டாக்டர். அதே வருசம் ஜானி டெப் கடற்கொள்ளை படம் வந்து எல்லாரையும் அள்ளிட்டு போயிருச்சு, ஆஸ்கார்ல பத்து நாமினேஷன் வாங்கியும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் அலையில ஒளிப்பதிவு, சவுண்ட் எடிட்டிங்னு ரெண்டே ரெண்டுதான் கைக்கு வந்துச்சு. பாவப்பட்ட படம்.

கதை ரொம்ப சிம்பிள். 1805 ஏப்ரல், நெப்போலியன் காலம், பிரேசில் பக்கம் 28 பீரங்கி வச்ச சர்ப்ரைஸ்னு ஒரு இங்கிலீஷ்காரன் கப்பல், அதைவிட பெரிய பிரெஞ்சு கப்பல் அகெரானை துரத்தி பசிபிக் கடல் வரைக்கும் போகுது, அவ்வளவுதான். (அதே 1805லதான் மலேசியாவுல இருக்கற நம்ம பினாங்கை மெட்ராஸ், பம்பாய், வங்காளத்துக்கு அடுத்து நாலாவது பிரசிடென்சி ஆக்குனாங்க, படத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, சும்மா ஞாபகம் வந்துச்சு.)

லீவுக்கு எல்லாரும் பினாங்கு பட்டவொர்த் வீட்ல கூடுனப்ப புரொஜெக்டர்ல போட்டோம். படம் முடிஞ்சதும் ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு. அண்ணனுக்கு ரொம்ப ஸ்லோ, முதல் சண்டைக்கு அப்புறம் ஒரு மணி நேரமா கயிறு இழுக்கறானுங்க, பாட்டு வாசிக்கறானுங்க, பூச்சி புடிக்கறானுங்க, என்னதான்டா நடக்குதுங்கறாரு. சித்தி கேட்ட ஒரே கேள்வி, ரெண்டேகால் மணி நேர படத்துல பொம்பளையே இல்லையா. இருக்காங்க சித்தி, பிரேசில் பக்கம் சாமான் விக்க வர்ற படகுல ஒருத்தங்க குடை புடிச்சிட்டு கேப்டனை ஒரு பார்வை பாப்பாங்க, நீங்க அப்ப அடுப்படியில இருந்தீங்க. மாமாதான் ஆச்சரியம். துறைமுகத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவரு, படம் முழுக்க ஒரு வார்த்தை பேசல, கடைசியில "கயிறெல்லாம் சரியா கட்டிருக்கான்டா"ன்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டாரு. எனக்கு இதைவிட பெரிய விமர்சனம் வேணாம்.

ஏன்னா படமே அந்த கயிறுதான். பெரும்பாலான சரித்திர படத்துல கப்பல் ஒரு பேக்ரவுண்டு, ஹீரோ முன்னாடி நின்னு வசனம் பேச ஒரு மேடை, இதுல கப்பல்ல ஆள் எப்படி வாழ்ந்தான்னு காட்டுறாங்க, எங்க தூங்குனான், எதை தின்னான் (பிஸ்கட்டுல புழு நெளியுது, ஆபிசருங்க அதை வச்சே ஜோக் அடிக்கறாங்க), பாய்மரம் உடைஞ்சா யார் மேல ஏறுவா, தப்பு பண்ணவனுக்கு எத்தனை சவுக்கடி, எல்லாமே இருக்கு. கனடாவுல 1970ல கட்டுன ரோஸ்ங்கற பழைய மாடல் கப்பலை விலைக்கு வாங்கி மாத்தி ஷூட் பண்ணிருக்காங்க, புயல் சீனுக்கெல்லாம் டைட்டானிக்குக்காக மெக்சிகோவுல கட்டுன தண்ணி தொட்டி. தென் அமெரிக்காவோட தெக்கு முனை கேப் ஹார்ன், அங்க புயல்ல ஒரு பையன் உடைஞ்ச மரத்தோட கடல்ல விழுவான், அந்த மரம் கயித்தோட கப்பலையே புடிச்சு இழுக்கும், கயிறை வெட்டுனா கப்பல் பிழைக்கும் பையன் போயிருவான், வெட்டுறவங்கள்ல ஒருத்தன் அவனோட நெருங்கின கூட்டாளி. அங்க எங்க அண்ணன் கூட போனை கீழ வச்சிட்டாரு.

சவுண்டை பத்தி தனியா சொல்லணும். ஆரம்பத்துல பனிமூட்டத்துல சின்னதா ஒரு வெளிச்சம் மினுக்கும், கேப்டன் எல்லாரையும் கீழ படுக்க சொல்லுவாரு, அப்புறம்தான் குண்டு வந்து இடிக்கும். பினாங்கு ஃபோர்ட் கார்ன்வாலிஸ் கோட்டையில பீரங்கி மேல சாஞ்சு செல்ஃபி எடுத்த ஆளுங்க நாம, அது சுட்டா உள்ள என்ன ஆகும்னு இங்கதான் தெரியுது, குண்டைவிட சிதறுற மரச்சில்லுதான் ஆளை கிழிக்குது.

எனக்கு ரொம்ப புடிச்ச இடம் அந்த மாறுவேசம். குச்சி மாதிரியே இருக்கற ஒரு பூச்சியை பாத்துட்டு கேப்டன் தன் கப்பலை திமிங்கில வேட்டை கப்பல் மாதிரி மாத்தி எதிரியை கிட்ட வரவைப்பாரு. அண்ணன் இது சினிமாத்தனம்னாரு. அட, நம்ம பினாங்குலயே நடந்திருக்கே! 1914 செப்டம்பர்ல மெட்ராஸ் மேல குண்டு போட்ட அதே ஜெர்மன் எம்டன், அக்டோபர் 28 விடியக்காலையில பொய்யா நாலாவது புகைபோக்கி ஒண்ணை மாட்டிக்கிட்டு இங்கிலீஷ்காரன் கப்பல் மாதிரி நம்ம ஹார்பருக்குள்ளயே வந்து, நின்னுட்டிருந்த ரஷ்யக் கப்பல் ஷெம்சுக்கை மூழ்கடிச்சிட்டு போச்சு, ரஷ்ய கேப்டன் அப்ப கப்பல்லயே இல்ல, கரையில. வெஸ்டர்ன் ரோடு கல்லறையில அந்த மாலுமிங்களோட நினைவுக்கல் இன்னும் இருக்கு, போய் பாருங்க. இந்த கதையை எவனாச்சும் படமா எடுங்கப்பா.

குறை இல்லாம இல்ல. முதல் அரை மணி நேரம் யார் யாருன்னே பிரிக்க முடியல, எல்லாருக்கும் ஒரே தாடி ஒரே அழுக்கு, கத்துற ஆர்டர் ஒண்ணும் புரியாது, சப்டைட்டில் போட்டே ஆகணும். பிரெஞ்சுக்காரனுக்கு முகமே கிடையாது. அதைவிட உறுத்துறது, மூல நாவல்ல எதிரி அமெரிக்க கப்பல், படத்துல அதை பிரெஞ்சு ஆக்கிட்டாங்க, ஹாலிவுட் பணமாச்சே. அந்த இங்கிலீஷ் கொடியை அவ்வளவு பெருமையா காட்டுறப்ப எனக்கு கொஞ்சம் நெளிஞ்சுச்சு, எங்க தாத்தா அதே கொடி பறந்த ரஜூலா கப்பல்ல டெக் பாசஞ்சரா வந்து பினாங்குல இறங்குனவரு.

அப்புறம் எங்க கூட்டாளி ஒருத்தன், தமிழ் வாத்தியார், வழக்கம்போல "ராஜேந்திர சோழன் கடாரம் வந்ததை எடுத்தா இதெல்லாம் தூசு"ன்னு ஆரம்பிச்சிட்டான். 1025, கடாரம்னா இப்ப கெடா, பழைய கோயில் இடிபாடு இருக்கற பூஜாங் பள்ளத்தாக்கு இங்கேர்ந்து காருல கொஞ்ச தூரம்தான், ஆசை எனக்கும் இருக்கு. ஆனா ராஜா புகழை பாடுற கல்வெட்டு மெய்க்கீர்த்தி பல கலம் செலுத்துனான்னு ஒரு வரியில முடிச்சிரும், அந்த கலத்துல துடுப்பு போட்டவன் என்ன தின்னான், காய்ச்சல் வந்தா யார் பாத்தா, காத்து நின்னு போனா என்ன பண்ணுனான்னு உக்காந்து யோசிக்கற டைரக்டர் கிடைச்சாத்தான் அந்த படம் உருப்படும், இல்லேன்னா மறுபடியும் கப்பல் முனையில ராஜா நிக்க தலைமுடி பறக்க ஸ்லோமோஷன்தான்.

பாக்கறதா இருந்தா போன்ல பாக்காதீங்க, நல்ல ஸ்பீக்கர் இருக்கற வீடா பாத்து போங்க. சாப்பிட்டுக்கிட்டே வேணாம், மண்டையை திறந்து ஆபரேஷன் பண்ற சீன் இருக்கு, டாக்டர் கண்ணாடியை பாத்து தன் வயித்தை தானே அறுக்கற சீனும் இருக்கு. சின்ன பிள்ளைங்க கூட உக்காந்தா, அந்த குட்டி ஆபிசர் பையனுக்கு கையை எடுக்கற இடத்துல ரிமோட் உங்க கிட்ட இருக்கட்டும்.