கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் கூலிங் போடக் கொடுத்தேன்: கிருஷ்ணகிரி பக்கம் இருப்பவர்கள் ஜாக்கிரதை

கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் வட்டாரத்தில் யாராவது முதல் தடவையாகக் கிராபிக்ஸ் கார்டுக்கு வாட்டர் கூலிங் (ஃபேன் கூலருக்குப் பதில் தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டை இழுப்பது) போட யோசித்துக்கொண்டிருந்தால், கார்டைக் கடைக்காரர் கையில் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 38,000 ரூபாய் கொடுத்தேன். கிடைத்தது, முன்பைவிட அதிகமாகக் காயும் கார்டு, செத்துப்போன ஒரு மதர்போர்டு, மேற்கொண்டு பெங்களூரு அலைச்சல். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இதே மாதிரி வேலையை வேறு கடைகளும் செய்யலாம். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

எனக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் தொழில். கார்டு ஆர்டிஎக்ஸ் 3080, 10 ஜிபி. முழு வேகத்தில் ஓடினால் அது மட்டுமே 320 வாட் இழுக்கும். அத்தனையும் சூடாக அறைக்குள்தான் வரும். என் அறையோ மொட்டை மாடியில். சித்திரை, வைகாசியில் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றுவது) போட்டுவிட்டு உள்ளே உட்கார முடியாது. சூட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஃபேன் சத்தம்தான் தாங்கவில்லை. கெட்டிமேளத்துக்கு முந்தின நொடியில் எங்கே வெட்டுவது என்று காது கொடுத்துக் கேட்க வேண்டிய நேரத்தில் கார்டு இரையும். பெண் வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தம் சொல்லும்போது அவர்களும் கத்த வேண்டும், நானும் கத்த வேண்டும். வாட்டர் கூலிங் போட்டால் இந்தச் சத்தம் அடங்கும் என்று நம்பினேன். அந்த நம்பிக்கை தப்பில்லை. ஒழுங்காகப் போட்டால் உண்மையிலேயே அடங்கும்.

கடையில் ஒரு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே பச்சைத் தண்ணீர், கலர் கலராக லைட். கடை அண்ணன் நன்றாகப் பேசினார். “இது போட்டா ஏசி ரூம்ல வெச்ச மாதிரி தம்பி. 30 டிகிரிய தாண்டாது” என்றார். இந்தப் பேச்சை யார் சொன்னாலும் அங்கேயே உஷாராகிவிடலாம். ரேடியேட்டரில் ஓடும் தண்ணீர் அறைக் காற்றிடம்தான் சூட்டைக் கொடுக்கிறது. அறை 35 டிகிரியில் இருந்தால் தண்ணீர் அதற்குக் கீழே போக வழியே இல்லை, கார்டு அதற்கும் மேலேதான் நிற்கும். நான் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, “சரி, 50ன்னு வெச்சுக்கோங்க” என்றார். நியாயமான எண்தான். அதனால் மேலே பேசினேன்.

வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பச் சொன்னேன், அனுப்பினார். என் கார்டு மாடலுக்கே செய்த ஃபுல் கவர் பிளாக் (கார்டின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்குக் கொடுக்கும் உலோகக் கட்டை), செம்பு ரேடியேட்டர், தண்ணீரைத் தள்ளும் பம்பும் அது நிற்கும் ரிசர்வாயரும் சேர்ந்த செட், இம்போர்ட்டட் கூலன்ட், வேலைக்கு ஒரு வருட வாரண்டி. பணத்தை ஜிபேயில் போட்டேன். பில் கேட்டதற்கு, “வேலை முடியட்டும், சேர்த்துப் போட்டுத் தரேன்” என்றார். கூடவே இருந்து பார்க்கிறேன் என்றதற்கு, “ஆள் நின்னா பையனுக்குக் கை ஓடாது தம்பி, சாயங்காலம் வாங்க” என்று அனுப்பிவிட்டார். சாயங்காலம் போனபோது முடியவில்லை. அடுத்த வாரம்தான் முடிந்தது.

மெஷினை எடுக்கப் போனபோது ஒரு கேமை ஓடவிட்டு, திரை மூலையில் 52 என்ற எண்ணைக் காட்டினார். சத்தமே இல்லை. எனக்கும் சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து வழக்கமான ரெண்டரைப் போட்டால் முன்பைவிட மெதுவாக ஓடுகிறது. தண்ணீர் ஓடுகிறது, கார்டு 55ல் நிற்கிறது, வேகம் மட்டும் விழுகிறது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கடையில் காட்டிய 52 என்பது கோர் சூடு, அதாவது கார்டின் நடுவில் இருக்கும் முக்கியச் சில்லின் சூடு. அதற்குக் கீழே ‘மெமரி ஜங்ஷன்’ என்று இன்னொரு வரி இருக்கும். என் கார்டில் அது 108, 110 என்று காட்டியது. 3080ல் இருக்கும் ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி இயல்பாகவே சூடான சாமான். 110ஐத் தொட்டால் கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். பழைய ஃபேனோடு இருந்தபோது இந்த எண் நூறைத் தொட்டதே இல்லை.

போன் செய்தேன். “அந்த சாஃப்ட்வேர் எல்லாம் தப்பாக் காட்டும் தம்பி, கோர் நார்மல்தானே?” என்றார். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது, அதோடு சரி.

அவர் பதிலுக்குக் காத்திருந்தபோதே அடுத்தது வந்தது. ஒரு நாள் காலையில் ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை. கண்ணாடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். கார்டுக்கு மேலே ட்யூப்பைச் சேர்க்கும் ஃபிட்டிங்கின் அடியில் பச்சையாக ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கார்டின் முதுகுத் தகட்டின் மேல் கோலமாவு சிந்தியது போல வெள்ளையாகக் காய்ந்த தடம். அந்தத் தடம் விளிம்பு வரை போய், கார்டு செருகியிருக்கும் ஸ்லாட்டில் இறங்கியிருந்தது. ஸ்லாட்டின் பின்கள் சில பச்சை பூத்திருந்தன. மதர்போர்டு போனது அங்கேதான்.

கடைக்கு எடுத்துப் போனபோது, “நீங்க ஆட்டியிருப்பீங்க” என்று ஒரே வார்த்தை. சரி, இனி இவரிடம் திறக்கக் கொடுக்கக்கூடாது என்று பெங்களூருக்குக் கொண்டு போனேன். எஸ்பி ரோடு பக்கம் இந்த வேலையை மட்டுமே செய்யும் ஒருவரை நண்பர் சொல்லியிருந்தார். அவர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தே ஒவ்வொன்றாகக் கழற்றினார். நானும் போனில் வீடியோ எடுத்துக்கொண்டே இருந்தேன்.

முதலில் ட்யூப். ஃபிட்டிங்குக்குள் போகும் முனை சரிவாக வெட்டப்பட்டிருந்தது. நேராக வெட்டி, அடிவரை தள்ளி, அதன்பிறகு வளையத்தை இறுக்க வேண்டுமாம். இவர்கள் பாதி தள்ளி வளையத்தை மாட்டியிருக்கிறார்கள். கசிவுக்குக் காரணம் அவ்வளவுதான்.

அடுத்து பிளாக். அதைத் தூக்கியதும் அவர் சிரித்தேவிட்டார். கோர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட் சரியாகவே பரவியிருந்தது. சுற்றியிருந்த மெமரி சில்லுகளின் மேல் இருந்தவை பழைய கூலரின் தெர்மல் பேடுகள், அதாவது சூட்டைக் கடத்தும் மெத்தென்ற துண்டுகள். கழற்றும்போது பிய்ந்துபோனதை அப்படியே மறுபடியும் ஒட்டியிருக்கிறார்கள். இரண்டு சில்லுகளில் பேடில் பிளாக் பதிந்த அடையாளமே இல்லை. பழைய கூலருக்கும் இந்த பிளாக்குக்கும் இடைவெளி வேறு, பேடின் தடிமனும் வேறாக இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் குறைந்தால் மெமரிக்குத் தொடுதலே இருக்காது. கூடினால் பிளாக் தூக்கிக்கொண்டு கோர் காயும். புது பிளாக்கோடு அதற்கென்று அளவெடுத்த பேடுகள் பெட்டியிலேயே வரும். அவை எங்கே போயின என்று கடைக்காரருக்கே வெளிச்சம்.

பிளாக்கைப் பிரித்தால் உள்ளே முடி முடியாகச் செதுக்கிய செம்பு வரிகள் இருக்கும், அதன் வழியாகத்தான் தண்ணீர் போக வேண்டும். என்னுடையதில் பாதி வரிகளை வெள்ளையாக, கொழகொழவென்று ஏதோ அடைத்திருந்தது. பல் துலக்கும் பிரஷால் எடுத்துத் துணியில் தேய்த்துக் காட்டினார். “அலுமினியம்” என்றார். எனக்குப் புரியவில்லை. எழுந்து போய் ரேடியேட்டரில் வரிசையாக இருக்கும் மெல்லிய தகடுகளின் ஓரத்தைக் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினார். கறுப்புப் பெயின்டுக்கு அடியில் வெள்ளி நிறம். செம்பாக இருந்தால் சிவப்பு தெரிந்திருக்கும்.

எனக்கு உண்மையில் வயிறு எரிந்தது இங்கேதான். ட்யூப்பைச் சரியாக வெட்டாதது வேலை தெரியாததால் இருக்கலாம். பேடு மாற்றாதது சோம்பலாக இருக்கலாம். செம்பு என்று எழுதிக் கொடுத்து அலுமினியத்தை மாட்டுவது அப்படியல்ல. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் தொடர்பில் இருந்தால் அலுமினியம்தான் அரிக்கப்படும். பேட்டரி வேலை செய்யும் அதே சூத்திரம். அரித்து வந்தது வெள்ளைக் கூழாகப் போய் பிளாக்கின் வரிகளில் தங்கும். ஓட்டம் குறையும், கடைசியில் ரேடியேட்டரே ஓட்டையாகும். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் பார்வைக்குத் தெரியாது. காந்தம் வைத்துப் பார் என்று சிலர் சொல்வார்கள், அது வீண் வேலை, இரண்டிலுமே ஒட்டாது.

இதைப் பிறகு கடைக்காரரிடம் சொன்னபோது, “கம்பெனி ரெடிமேட் கூலர்லயும் அலுமினியம்தான் தம்பி வருது, அது என்ன கெட்டா போகுது?” என்று கேட்டார். அவர் சொன்னதில் பாதி உண்மை. ரெடிமேடாக மூடி வரும் கூலர்களில் பெரும்பாலும் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தகடும்தான். அவற்றில் அரிமானத்தைத் தடுக்கும் திரவத்தை ஃபேக்டரியிலேயே நிரப்பி மூடிவிடுகிறார்கள். எனக்கு ஊற்றியது என்ன?

அதுவும் தெரிந்தது. உள்ளே தண்ணீர் குறைந்தால் ஊற்றிக்கொள்ள என்று கடையில் ஒரு சோடா பாட்டிலில் தண்ணீர் கொடுத்திருந்தார்கள், “சுத்தமான டிஸ்டில்டு வாட்டர்” என்று. எங்கள் தெருவில் ஆர்ஓ மெஷின் சர்வீஸ் செய்யும் தம்பியிடம் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. டிஸ்டில்டு வாட்டரில் அது பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். இந்த பாட்டிலில் நூறைத் தாண்டியது. அதாவது சாதாரண கேன் தண்ணீர். உள்ளே ஓடிய பச்சை? பைக்குக்கு ஊற்றும் கூலன்டைக் கேன் தண்ணீரில் கலந்தது என்று கடைப் பையனே பின்னால் ஒத்துக்கொண்டான், பாவம். நம் இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஃப்ளோரைடுக்காகவே ஒகேனக்கல்லில் இருந்து காவிரித் தண்ணீரைக் கொண்டுவர ஒரு பெரிய திட்டம் போட வேண்டியிருந்த ஊர் இது. அந்த நீரை முக்கால்வாசி வடிகட்டி, ஐம்பதாயிரம் ரூபாய் கார்டுக்குள் விட்டிருக்கிறார்கள்.

பெங்களூருக்காரர் கார்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, சரியான பேடு போட்டு, பிளாக்கைச் சுத்தம் செய்து, உண்மையான செம்பு ரேடியேட்டரை மாட்டினார். கார்டு பிழைத்துக்கொண்டது. இப்போது மெமரி 80ஐ ஒட்டி நிற்கிறது. அவர் மெஷினை உடனே ஆன் செய்யவில்லை என்பதைக் கவனித்தேன். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கனெக்டரை மதர்போர்டில் இருந்து கழற்றி, அதில் பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒரு ஜம்பரால் இணைத்தார். பம்புக்கு மட்டும் கரண்ட். ஒவ்வொரு ஃபிட்டிங் அடியிலும் டிஷ்யூ பேப்பர். இரவு முழுக்க அப்படியே ஓடவிட்டு, காலையில் பேப்பர் ஒன்றுகூட நனையவில்லை என்று காட்டிய பிறகுதான் மற்ற ஒயர்களை மாட்டினார். நம் ஊர்க் கடையில் இதைச் செய்திருந்தால் என் மதர்போர்டு இன்றைக்கும் ஓடியிருக்கும்.

ஆகவே கொடுப்பதாக இருந்தால், மூடிய பிறகு தெரியாதவற்றை மூடுவதற்கு முன் காட்டச் சொல்லுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய தகட்டில் ஒரு சுரண்டல், பிளாக்கோடு வந்த பேடு பாக்கெட், சீல் உடைக்காத கூலன்ட் பாட்டில், டிஷ்யூ பேப்பர் வைத்த கசிவுச் சோதனை. பக்கத்தில் நிற்கக்கூடாது என்று சொல்லும் கடையில் வேண்டாம். கையில் எடுக்கும்போது கோர் சூட்டோடு மெமரி சூட்டையும், ஐந்து நிமிடம் இல்லை, அரை மணி நேரம் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூலரைக் கழற்றினால் கார்டின் வாரண்டி போகுமா என்று கம்பெனியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பதில் அங்கேயே இருக்கிறது.

பில் தராமல் இழுத்தடிப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்ற கணக்கில் வரும். எனக்குக் கடைசி வரை பில் வரவில்லை. ஆனால் ஜிபே ரசீது இருக்கிறது, ‘செம்பு ரேடியேட்டர்’ என்று அவரே எழுதிய வாட்ஸ்அப் இருக்கிறது, பிரித்த வீடியோ இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தேன். அங்கிருந்து கடைக்குப் புகார் போன பிறகுதான் கடைக்காரர் தானாக எனக்குப் போன் செய்தார். 5,000 தருகிறேன், விட்டுவிடுங்கள் என்றார். விடவில்லை, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்துவிட்டேன். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு அங்கே கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இதே கடையில் மாட்டியவர்கள் இருந்தால் தயங்காமல் நீங்களும் கொடுங்கள்.

இன்னொன்று. கார்டோடு வந்த பழைய கூலர், ஃபேன், ஸ்க்ரூ எல்லாவற்றையும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். நான் முதல் நாளே கேட்டேன், “எடுத்து வைக்கிறேன்” என்றார்கள். திரும்பக் கேட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அது இல்லாமல் நாளைக்கு இந்தக் கார்டை யாருக்கும் விற்க முடியாது, தண்ணீர் ஓடும் லூப்பில் ஏதாவது கோளாறு என்றால் ஃபேன் கூலருக்குத் திரும்பவும் முடியாது. மூன்று ஃபேன் வைத்த 3080 கூலர் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். கார்டின் மாடல் ஒத்துப்போனால் நல்ல விலைக்கே எடுத்துக்கொள்கிறேன்.